ஆறு சீசன் ஓடிய இரட்டை டீசல் ஃபில்டரும் அதன் மூடி ரிங்கும்

போன வாரம் கொச்சி தோப்பும்படி ஹார்பரிலிருந்து மருமகன் கூப்பிட்டான். 68 அடி போட் ஒன்றில் பங்கு சேர்ந்திருக்கிறான். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் முதல் ஓட்டம், கடலில் 40 நாள் தங்கல். "மாமா, உங்க போட்டுல கிடக்குற அந்த ரெட்டை ஃபில்டர் இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கிப் போடட்டா?" என்று கேட்டான். அந்த நேரம் நான் எஞ்சின் ரூமில், அதே ஃபில்டரின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபத்தில் சொல்கிற பதில் நியாயமாக இருக்காது. "எழுதி அனுப்புறேன் மக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன். குமரிக் கடற்கரையில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை எங்கள் எட்டு ஊரிலும் இதே கேள்வியோடு பல பேர் இருக்கிறார்கள். அவனுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற டீசலில் தண்ணீரையும் அழுக்கையும் தடுக்கிறதுதான் இந்த ஃபில்டர். அதன் அமைப்பு தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கிண்ணம், நடுவில் ஒரு லிவர், மேலே வேக்குவம் மீட்டர். ஃபில்டர் அடைக்க அடைக்க மீட்டர் முள் ஏறும். ஒரு பக்கம் அடைத்தால் லிவரைத் திருப்பி அடுத்த பக்கத்தில் ஓடலாம், எஞ்சினை நிறுத்த வேண்டாம். 2019 ஆகஸ்ட் ஓட்டத்துக்கு மாட்டினோம். கொச்சி போல்காட்டி மரினாவுக்கு வரும் மோட்டார் யாட்டுகளில், அதாவது உல்லாசப் படகுகளில், வேலை பார்த்த ஒரு மெக்கானிக்தான் இந்த யோசனையைச் சொன்னார். பாய் இல்லாத யாட்டில் பெருங்கடல் தாண்டப் போகிறவர்கள் மற்ற சாமான்களைப் பார்ப்பதற்கு முன்னால் டீசலைத்தான் பார்ப்பார்களாம். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கைத் தொடவே கூடாது. எஞ்சின் நின்றால் அவர்களுக்கு வேறு கதி இல்லை. நமக்கு மட்டும் இருக்கிறதா என்ன?

டீசலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மருமகன் கேட்டிருந்தான். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம் 61 நாளும் போட் கட்டிக் கிடக்கிறது. டேங்க் பாதி காலி. வெளியே விடாத மழை. டேங்குக்குள் இருக்கிற ஈரக்காற்று இரும்புச் சுவரில் வியர்த்துச் சொட்டுச் சொட்டாக இறங்கும். டீசலைவிடத் தண்ணீருக்குக் கனம் அதிகம், நேரே அடியில் போய்ப் படுத்துவிடும். அந்தத் தண்ணீரும் டீசலும் தொடுகிற இடத்தில் நுண்ணுயிர் பிடித்து, கறுப்பாக, வழுவழுவென்று ஒரு சளி வளரும். ஹார்பருக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆகஸ்டில் கடல் இன்னும் அடங்காத நேரம் வெளியே போனதும் முதல் நாள் ஆட்டத்திலேயே அடியில் கிடந்ததெல்லாம் கலங்கி எழும்பும். அங்கேதான் இந்த ஃபில்டர் தன் வேலையைக் காட்டும்.

நல்லதை முதலில் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கண்ணாடிக் கிண்ணம் எனக்கு உயிர். ராத்திரி வாட்சில் இருக்கிறவன் மணிக்கு ஒரு தடவை கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்ப்பான். மேலே தேன் நிறத்தில் டீசல், அடியில் இரண்டு விரல் தண்ணீர், அதில் கறுப்புப் பொடி மிதக்கும். போட் ஒரு பக்கமாகச் சரியும்போது கிண்ணமும் கூடவே சரியும். ஆனால் தண்ணீரும் டீசலும் பிரிகிற கோடு மட்டும் சரியாமல் மட்டமாக நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. தண்ணீர் எஞ்சினுக்குப் போகாமல் இங்கேயே நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு மேலே போய்ப் படுத்தால் தூக்கம் வரும். முன்னால் ஒவ்வொரு தடைக்காலத்திலும் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவோம். இந்த ஆறு சீசனில் ஒரே ஒரு தடவைதான் கொண்டுபோனோம். செலவு செய்த காசை இரண்டாவது வருஷமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

உள்ளே போடுகிற வடிகட்டி, அதாவது கார்ட்ரிஜ், 30 மைக்ரான்தான் போடுகிறோம். மைக்ரான் எண் குறையக் குறைய ஓட்டை பொடிசாகும். 2 மைக்ரான் நல்லது என்று சிலர் சொல்வார்கள். நமக்குக் கிடைக்கிற டீசலுக்கு அது சீக்கிரம் அடைத்துவிடும். பொடிசை வடிகட்ட எஞ்சினிலேயே ஃபில்டர் இருக்கிறது. மீட்டர் முள் 10 இஞ்சைத் தாண்ட விடமாட்டோம்.

சரி, இனி ரிங்.

மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. சுண்டுவிரல் கனம்கூட இல்லை. டீசலில் ஊறி ஊறி அது உப்பிவிடும். மூடி இறுகிக் கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. கார்ட்ரிஜ் மாற்ற மூடியைத் திறந்து எடுத்தால், பள்ளத்துக்குள் திரும்ப உட்காராது. சுற்றிலும் அமுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு விரல் நீளம் மிச்சம் நிற்கும். அதை அமுக்கினால் எதிர்ப்பக்கம் எழும்பும். கரையில் என்றால் இரண்டு நாள் வெயிலில் போட்டால் டீசல் காய்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும். கடலில், எஞ்சின் ரூம் சூட்டில், கையெல்லாம் டீசலாக, போட் உருளும்போது வெயிலுக்கு எங்கே போவது?

தப்பாக உட்கார்ந்த ரிங் ஒழுகினால் கூடப் பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். இது ஒழுகாது. ஃபில்டர் இருப்பது பம்ப் உறிஞ்சுகிற பக்கம். அதனால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். டீசலில் காற்று கலந்தால் எஞ்சின் நின்றுவிடும். வேக்குவம் மீட்டரும் ஏமாற்றும். காற்று நுழைந்தால் முள் இறங்கித்தான் நிற்கும். பார்க்கிறவன் ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று நினைப்பான்.

2021இல் லட்சத்தீவின் மினிக்காய்க்கு மேற்கே எங்களுக்கு அப்படித்தான் ஆனது. 14 பேர். தூண்டில் இறக்கிக் கிடந்தோம். டேங்க் கலங்கி இடது பக்கம் அடைத்தது. வலதுக்குத் திருப்பிவிட்டு இடதில் கார்ட்ரிஜ் மாற்றினோம். ரிங் உட்காரவில்லை, எப்படியோ அமுக்கி மூடினோம். நடுராத்திரி வலது பக்கமும் அடைத்தது. லிவரை இடதுக்குத் திருப்பிய பத்தாவது நிமிஷம் எஞ்சின் இரண்டு தடவை இழுத்து இழுத்து நின்றது. ஏர் எடுத்தோம், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றினோம், ஓடியது, நின்றது. மறுபடியும் எடுத்தோம். விடிகிறவரை இதே வேலை. கைப்பம்ப் அடித்து அடித்து என் கட்டைவிரல் தோல் உரிந்துவிட்டது. போட் அலைக்குக் குறுக்கே கிடந்து உருண்டது. எஞ்சின் ஓடினால் அணியத்தை, அதாவது போட்டின் முன்பக்கத்தை, அலைக்கு நேராகக் கொடுத்துச் சமாளிக்கலாம். நின்ற போட்டில் ஒன்றும் செய்ய முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் ஆட்களைப் பறிகொடுத்த ஊர் எங்களுடையது. அந்த ராத்திரி யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் நினைப்பு அதுதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விடிந்ததும் போட்டை நடத்துகிற ஸ்ராங்கு அண்ணன்தான் முடிவெடுத்தார். ஹோஸை இரண்டு பக்கமும் கழற்றி, இந்த ஃபில்டரையே விட்டுவிட்டு, டேங்கிலிருந்து நேராக எஞ்சின் ஃபில்டருக்குக் கொடுத்தார். தூண்டிலை வாரிக்கொண்டு, மெதுவாக ஓட்டி, ஒன்றரை நாளில் கொச்சி பிடித்தோம். ஐஸ் பாதி அப்படியே இருந்தது. டீசல் காசும் ரேஷன் காசும் கடன்.

அதற்குப் பிறகு ரிங் மட்டும் பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று தேடினேன். தனியாகத் தரமாட்டார்களாம். கம்பெனி கார்ட்ரிஜ் பெட்டிக்குள்தான் வரும். அதே அளவில் உள்ளூர் கார்ட்ரிஜ் மூன்றில் ஒரு விலைக்குக் கிடைக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது, ஆனால் அதில் ரிங் கிடையாது. இந்தத் தடைக்காலத்திலும் கொச்சி, நீண்டகரை, பேப்பூர் என்று ஆள் விட்டுக் கேட்டாயிற்று. மூன்று நாள் அலைந்து வந்தது ஒரு பெட்டி, அதற்குள் ஒரு ரிங். இவ்வளவு யோசித்துக் கிண்ணம் செய்தவர்கள், லிவர் செய்தவர்கள், சில ரூபாய் ரப்பரைத் தனியாக ஒரு கவரில் போட்டு விற்றால் என்ன குறைந்துவிடும்? கரையில் இருக்கிறவனுக்கு அது ரப்பர். எங்களுக்கு 14 வீடு.

கொஞ்சம் ஆறிய பிறகு யோசித்தேன். 2021இல் எங்கள் பக்கமும் தப்பு உண்டு. தடைக்காலத்தில் டேங்க் அடியைத் திறந்து வழித்துக் கழுவியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே ராத்திரியில் அடைத்திருக்காது. ஃபில்டர் தன் வேலையைச் செய்துதான் அடைத்தது. அது தடுக்காமல் அந்தச் சளி முழுவதும் பம்புக்குள் போயிருந்தால் கொச்சி வரை வந்திருக்க மாட்டோம். இதை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் மருமகனுக்கு என் பதில்: வாங்காதே. விலை பாதியானாலும் வேண்டாம். அந்தக் காசில் லாரி ஸ்பேர் கடையில் கிடைக்கிற டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற சாதாரண வாட்டர் செப்பரேட்டர் இரண்டு வாங்கு, திருகி மாட்டுகிற வகை. ஒவ்வொரு புது ஃபில்டருடனும் ரிங் கூடவே வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னும் பின்னும் பித்தளை வால்வு போடு. கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாகப் பார்த்து எடு, அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. ஒரு ஓட்டத்துக்குக் குறைந்தது எட்டு ஃபில்டர் கையில் இருக்கட்டும்.

என் போட்டில் இருப்பதை நான் கழற்றப் போவதில்லை. புது ரிங் போட்டு மூடிவிட்டேன். பழையது இப்போது வீல்ஹவுஸ் கூரையில் ஆணியில் தொங்கிக் காய்கிறது, ஸ்பேருக்கு.

இன்னொன்று மக்கா. டீசல் ஏற்றுகிற அன்று, குழாயிலிருந்து வரும் முதல் டீசலை ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரமாக வை. ஒரு மணி நேரம் கழித்து அடியைப் பார். கோடு தெரிந்தால் ஏற்றுவதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும் சரி.