ரங்கூன் – மோல்மேன் ராத்திரி பஸ்ஸும் ஒரு ஊறுகாய் ஜாடியும்

பர்மாவில் மோல்மேனில் இருக்கும் எங்களைப் போல இந்தியா போய்த் திரும்புகிறவர்களுக்கு விமானம் ஒரு கஷ்டமே இல்லை. ரங்கூனில் இறங்கிய பிறகு மிச்சமிருக்கும் 300 கிலோமீட்டர்தான் ஆளை அடித்துப் போடும். 2019 பிப்ரவரியில் நானும் என் வீட்டுக்காரரும் தேவகோட்டைச் சித்தி வீட்டிலிருந்து திரும்பினோம். சென்னையில் நள்ளிரவு ஏறி, பாங்காக்கில் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி, ரங்கூனில் அரை மணி நேரம் பின்னே இழுத்து, மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு வெளியே வந்து நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. கால் இரண்டும் இட்லி மாவு மாதிரி பொங்கியிருந்தது.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மொகல் தெருப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருக்கிறதே என்று நகரத்துக்குள் போய், சாப்பிட்டு, பிறகு பஸ் கம்பெனி அனுப்பும் ‘பெரி’யில் தொற்றிக்கொண்டு வந்த வழியே மறுபடி வடக்கே வருகிறார்கள். (பெரி என்றதும் படகைத் தேட வேண்டாம். கவுண்டரிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.) அவுங் மிங்கலா பஸ் நிலையமும் விமான நிலையமும் ஒரே பக்கம். டாக்சி பிடித்தால் நேரே போய்விடலாம்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. பழைய ஜப்பான் வண்டி; பக்கவாட்டில் ஜப்பான் எழுத்துகூட அழியவில்லை. சீட் நன்றாகச் சாய்கிறது, போர்வை துவைத்த வாசனையோடு இருந்தது, தண்ணீர் பாட்டிலும் கொடுத்தார்கள். ஏசியைக் குறைக்கச் சொன்னால் மட்டும் யாருக்கும் காது கேட்பதில்லை. கிளம்பும்போது பௌத்த மந்திரம் போட்டார்கள். நானும் மனதுக்குள் விநாயகர் அகவலைச் சொல்லிக்கொண்டேன். மந்திரம் முடிந்த கையோடு ஒரு நகைச்சுவைப் படம், வழியிலுள்ள பெகு ஊர் தாண்டும்வரை முழுச் சத்தத்தில்.

பர்மாவில் 1970இலிருந்து வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. இந்த ஜப்பான் வண்டிகளோ இடது பக்கம் ஓடுவதற்காகச் செய்தவை. டிரைவர் வலது ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் முன்னே போகும் லாரியைத் தாண்ட எதிர்ச்சாலை அவருக்குத் தெரியாது. அதற்குத்தான் சபெயா, அதாவது உதவியாள் பையன். இடது பக்கக் கதவருகே நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்து, “யாடே” என்பான். போகலாம், பரவாயில்லை, முடியும், எல்லாவற்றுக்கும் பர்மியில் அந்த ஒரே சொல். அவன் யாடே சொன்னால் டிரைவர் யோசிக்காமல் மிதிக்கிறார். இருபது வயதுகூட இருக்காது, கன்னத்தில் தனாக்கா (மரப்பட்டை அரைத்துப் பூசும் பூச்சு) காய்ந்து உதிர்ந்திருந்தது. சித்தாங் ஆற்றுப் பாலம் வரை எண்ணிப் பார்த்தேன்: இருபத்திரண்டு யாடே. ஒன்றுகூடப் பொய்யில்லை. அதற்கப்புறம்தான் கண்ணை மூடினேன்.

சாப்பாட்டுக்கு நிறுத்திய இடத்தில் கதவு திறந்தது நடுச்சாலையைப் பார்த்து. அந்தப் பையனே இறங்கி நின்று, டார்ச் அடித்து வண்டிகளை நிறுத்தி, வயதானவர்களைக் கைபிடித்து இறக்கினான். “மெதுவாக, அடோ” என்று என்னையும். அடோ என்றால் அத்தை. சாப்பாடு சுமார். மேசைமேல் பிளாஸ்க்கில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேநீர்தான் அன்றைக்கு அமிர்தம்.

குறை என்று சொன்னால் சாமான் வைக்கும் விதம். பஸ்ஸின் வயிற்றில் பயணிகளின் பெட்டியைவிட வியாபாரிகளின் மூட்டைதான் அதிகம். எங்கள் பெட்டியில் கோயில் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கிய நாற்பது அரிச்சுவடியும், சித்தி துணியில் சுற்றிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியும் இருந்தன. “மேலே எதையும் வைக்காதே தம்பி, உள்ளே கண்ணாடி” என்று நான் பர்மியில் சொன்னதற்கும் “யாடே, அடோ” என்றான். சாலைக்கு ஒரு யாடே, சாமானுக்கு ஒரு யாடே என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

விடியுமுன் சால்வின் ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம். 2005இல் இது திறக்கும்வரை இக்கரையிலுள்ள மார்த்தபானில் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, படகுக்குக் காத்திருப்போம். அக்கரையில் குன்றின்மேல் பகோடா விளக்கு தெரிந்தவுடன் வீட்டுக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். நிலையத்தில் வெங்காய மூட்டைகளுக்கு அடியிலிருந்து பெட்டி வெளியே வந்தபோது மூலையில் எண்ணெய் கசிந்திருந்தது.

வீட்டில் திறந்து பார்த்தால் ஜாடி இரண்டாகப் பிளந்திருந்தது. பதினொரு அரிச்சுவடி போய்விட்டது. மிச்சத்திலும் ஆடு இருக்கும் பக்கம் மஞ்சள் பூத்து, பெருங்காயம் மணக்கிறது. பிள்ளைகள் ‘ஆ’ எழுதும் முன் முகர்ந்து பார்க்கிறார்கள். கவுண்டரில் போய்க் கேட்டேன். உடையும் பொருளுக்குப் பொறுப்பில்லை என்று டிக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். பொடி எழுத்து, என் கண்ணாடிக்கும் எட்டவில்லை.

அடுத்த மாதம் மறுபடி ரங்கூன் போக வேண்டியிருக்கிறது. அதே பஸ்ஸில்தான் சொல்லி வைத்திருக்கிறேன், டிரைவருக்குப் பின்னால் இரண்டு சீட். திரும்பும்போது கண்ணாடிச் சாமான் எதுவானாலும் மடியில்தான்.