குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: எச்சரிக்கைக்கு அருமை, வருடக் கணக்குக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்

காடு அழிகிறது என்று ரோஸ் புள்ளிகள் போட்ட ஒரு வரைபடம் உங்கள் வாட்ஸப்புக்கு எப்போதாவது வந்திருந்தால், அது அநேகமாக இந்தத் தளத்தில் எடுத்ததாகத்தான் இருக்கும். வாஷிங்டனில் இருக்கும் உலக வளங்கள் நிறுவனம் 2014ல் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்கியது. காசு கிடையாது, சும்மா பார்க்கக் கணக்குகூடத் தொடங்க வேண்டாம். 2001ல் இருந்து எந்த வருடம் எங்கே மரம் போனது என்று உலகத்தின் எந்த மூலையையும் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பிடித்ததே, ஒரு நாடு தனியாகச் செய்திருக்க முடியாத வேலை என்பதுதான். அமெரிக்கா 2008ல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை இலவசமாக்கியது, ஐரோப்பா தன் சென்டினல் செயற்கைக்கோள் படங்களைத் தருகிறது, மேரிலாந்து பல்கலைக்கழகம் அவற்றை அலசி மர இழப்பைக் கணக்கிடுகிறது, மேகம் மறைக்கும் மழைக்காடுகளுக்கு நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் ரேடார் வைத்து எச்சரிக்கை தருகிறது, அப்புறம் 2020ல் நார்வே தன் கைக்காசைப் போட்டு வெப்பமண்டலக் காடுகளின் தெளிவான படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் 140க்கும் மேற்பட்ட நாடுகள் 2030க்குள் காட்டழிப்பை நிறுத்துகிறோம் என்று கையெழுத்துப் போட்டன. அந்தப் பேச்சு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள யாருடைய அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டாம். 2024ல் மட்டும் வெப்பமண்டலத்தின் பழங்காடு (ஆங்கிலத்தில் primary forest, அதாவது வெட்டப்படாத இயற்கைக் காடு) 67 லட்சம் ஹெக்டேர் போயிருக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதி! முந்தைய வருடத்தைவிட 80 சதவீதம் அதிகம், அதில் கிட்டத்தட்ட பாதி தீயில் போனது.

ஆனால் இந்தத் தளத்தின் நிஜமான பலம் வருடக் கணக்கு இல்லை, எச்சரிக்கைதான். ஒரு இடத்தை வரைந்து சேமித்து வைத்தால் அங்கே மரம் விழுந்த தடயம் தெரியும்போது மின்னஞ்சல் வரும். பெருவின் லொரேட்டோ பகுதியில் இதை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அங்கே பல பூர்வகுடி கிராமங்களில் இணையம் கிடையாது. அதனால் மாதா மாதம் எச்சரிக்கைப் படங்களை யுஎஸ்பியில் ஏற்றி, ஆள் ஆற்று வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார், கிராமத்தில் பயிற்சி பெற்றவர்கள் அதைப் போனில் ஏற்றிக்கொண்டு ரோந்து போனார்கள், அதற்குச் சம்பளமும் உண்டு. முதல் வருடத்தில் காட்டழிப்பு பாதிக்குமேல் குறைந்தது, இரண்டாம் வருடம் பலன் அவ்வளவு இல்லை. செயற்கைக்கோள் விண்வெளியில் இருந்து எதையும் தடுக்காது, கீழே நடந்துபோய்ப் பார்க்க ஒருவர் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். இணையம் இல்லாமலே இயங்கும் ஃபாரஸ்ட் வாட்சர் என்ற போன் செயலியும் இதற்காகவே இருக்கிறது, கிளம்பும் முன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

சரி, குறைக்கு வருவோம். இந்தத் தளம் காட்டை எண்ணுவதில்லை, 5 மீட்டருக்கு மேல் உயர்ந்த மரத்தை எண்ணுகிறது. ரப்பர் தோட்டமா, தைலமரமா, சோலையா என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. நீலகிரியில் வெளிநாட்டு சீகை மரங்களை வெட்டிப் புல்வெளியை மீட்டால் அது இழப்பாக ரோஸ் நிறத்தில் தெரியும். அந்தப் புல்வெளியை அழித்து சீகை நட்ட காலத்தில் இந்தக் கணக்கு இருந்திருந்தால், அது லாபமாகத் தெரிந்திருக்கும்! வடகிழக்கில் ஜூம் விவசாயத்துக்கு (காட்டை வெட்டி எரித்து, இடம் மாற்றி மாற்றிப் பயிர் வைப்பது) வெட்டிய மலைச்சரிவும் இழப்புதான், சில வருடத்தில் அங்கே மரம் திரும்பி வந்தாலும் அந்த வரவு வருடா வருடம் கழிக்கப்படுவதில்லை.

2024ல் நம் ஊர் செய்திகளில் ஓடியது ஞாபகம் இருக்கலாம், இந்தத் தளத்தின் கணக்குப்படி இந்தியா 2000க்குப் பிறகு 23 லட்சம் ஹெக்டேர் மரப்பரப்பை இழந்தது என்று. தேசிய பசுமைத் தீர்ப்பாயமே தானாக முன்வந்து மத்திய அரசிடம் விளக்கம் கேட்டது. அதற்காக அரசுக் கணக்கு மட்டும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். இந்திய வன ஆய்வு நிறுவனம் ஒரு ஹெக்டேரில் 10 சதவீதம் மர நிழல் இருந்தாலே காடு என்று எழுதிக்கொள்கிறது, தோப்பும் அதில் சேரும். ஆக ஒருவர் போனதை மட்டும் எண்ணுகிறார், இன்னொருவர் இருப்பதையெல்லாம் அள்ளிப் போடுகிறார், இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் பொய் சொல்கிறார் என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று, 2010க்கு முன்னும் பின்னும் கணக்கிடும் முறை மாறியிருக்கிறது. பழைய வருடங்களோடு புதியதை ஒப்பிடும்போது கவனம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர் அந்த வரியை எங்கே படிக்கப் போகிறார்?

தமிழ் கிடையாது, ஆங்கிலத்தில்தான் பார்க்க வேண்டும். வேலைக்காகப் பார்ப்பவர் கணினியிலேயே திறங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகளைப் போட்டுப் பார்க்கப் போன் திரை போதாது. முதல் வேலையாக பழங்காடு என்ற அடுக்கை மட்டும் போட்டு இழப்பைப் பாருங்கள், தோட்டக் கணக்கு பெரும்பாலும் விலகிவிடும். அப்புறம் உங்களுக்குத் தெரிந்த காடு ஒன்றைச் சுற்றி வரைந்து மின்னஞ்சல் எச்சரிக்கைக்குப் பதிந்து வையுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலு, அதில் மூன்று எச்சரிக்கைக்கு.