சைலன்ஸர் வேலைக்கு வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள்தான் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்றால் கட்டாயம் படியுங்கள்.

அப்பாவின் கார் 2013 மாடல். பேங்க், மார்க்கெட், அம்மாவின் பிசியோதெரபி என்று எல்லாம் நான்கு கிலோமீட்டருக்குள் முடிகிற ஓட்டம். ஜூன் மாதம் ஸ்டார்ட் செய்தாலே டிராக்டர் மாதிரி சத்தம் வர ஆரம்பித்தது. பக்கத்துப் பட்டறையில், பின்பக்க சைலன்ஸரில் ஓட்டை என்று சொல்லி வெல்டிங் வைத்து 1,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் வெல்டிங்கை ஒட்டியே இன்னொரு ஓட்டை. துருவேறி மெலிந்துபோன தகட்டில் வெல்டிங் பிடிக்காது, சூடு பட்ட ஓரம் இன்னும் சீக்கிரம் உதிரும். பட்டறை வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

இரண்டாம் தடவை போனபோது, "முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் போயிடுச்சு சார், செட்டா மாத்திடணும். நீங்க எதுக்கு வெயில்ல நிக்கறீங்க? வீட்டுக்குப் போங்க, சாயங்காலம் பையன் கொண்டாந்து விடுவான்" என்றிருக்கிறார். அப்பாவும் நம்பி வந்துவிட்டார். 16,000 ரூபாய். வெள்ளைத் தாளில் 'சைலன்ஸர் செட்' என்று ஒரே வரி. கழற்றிய பாகம் எதுவும் திரும்பி வரவில்லை.

சத்தம் நின்றுவிட்டதால் நாங்களும் மறந்துவிட்டோம். அக்டோபரில் புகைப் பரிசோதனைக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், எங்கள் வண்டி 1.4 காட்டியது. டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் இல்லை.

தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். வண்டியைத் தூக்கி, இன்ஜினைத் தாண்டியதும் இருக்கிற, புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். காலி டப்பா மாதிரி 'டங்' என்றது. "உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். டார்ச் அடித்துக் காட்டினார். டப்பாவின் மேல்பக்கம், நின்று பார்த்தால் தெரியாத இடத்தில், ஒரு ஜாண் நீளத்துக்கு அறுத்து மறுபடி வெல்டிங் வைத்திருந்த கோடு. மேலே வெள்ளிப் பெயின்ட். அதற்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸருக்கு அடியில் நட்டு மாதிரி ஒரு சின்னக் குழாய்த் துண்டைச் சொருகி, சென்ஸரைப் புகையிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று சென்ஸருக்குத் தெரிந்தால்தானே விளக்கு எரியும்!

அந்த டப்பாவுக்குள் தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் மேல் பூசியிருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். அதற்காகத்தான் இவ்வளவும். ஈக்கோ வேன்களின் சைலன்ஸரைத் திருடும் கும்பல்கள் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் பிடிபட்டதாகச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்த உலோகத்துக்காகத்தான். தெருவில் இரவில் அறுத்துக்கொண்டு போகிறவனையாவது திருடன் என்கிறோம். இவர் அப்பா கையால் காசும் வாங்கிக்கொண்டு எடுத்திருக்கிறார்.

பட்டறையில் போய்க் கேட்டேன். "வண்டி வரும்போதே அப்படித்தான் இருந்திச்சு" என்று ஒரே பதில். எங்களிடம் முன்பு எடுத்த ஒரு போட்டோகூட இல்லை. புதுக் கன்வெர்ட்டருக்கு 38,000 ரூபாய் சொன்னார்கள். அதை மாட்டாமல் ஓட்டவும் முடியாது. புகை அளவு மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

இத்தனைக்கும் அன்று மாற்ற வேண்டியிருந்தது பின்பக்க டப்பா ஒன்றுதான். கடல் காற்றால் வெளியே துரு பிடிக்கும், சரி. ஆனால் உள்ளேயிருந்தும் அரிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும். சின்னச் சின்ன ஓட்டத்தில் பின்பக்க டப்பா சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம், தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. கன்வெர்ட்டர் டப்பா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இன்ஜின் பக்கத்தில் எப்போதும் கொதிக்கிற இடம். அது அவ்வளவு சுலபத்தில் துருப்பிடித்துப் போகாது. 'முன்னாடியிருந்து எல்லாம் போயிடுச்சு' என்று யாராவது சொன்னால், வண்டியைத் தூக்கச் சொல்லி எங்கே ஓட்டை என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வண்டியை விடும் முன் கன்வெர்ட்டரைக் கீழிருந்து நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், டப்பாவில் அடித்திருக்கும் எண் தெரிய வேண்டும். கழற்றியதெல்லாம் கைக்கு வரணும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாகம் தனி, கூலி தனி என்று ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வேலை முடியும்வரை அங்கேயே இருங்கள், முடியாவிட்டால் வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

காலி டப்பாவை மெக்கானிக் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டுமே என்று மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அறுத்த கோடு, சென்ஸர் துண்டு இரண்டையும் கிட்டத்தில் படம் எடுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் சமீபத்தில் சைலன்ஸர் வேலை பார்த்தவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் வண்டியை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடுங்கள்.