லிக்னோகெயின் 2% விறைப்பு ஊசி: பட்டி மாட்டுக்கும் வீட்டு ஆட்டுக்கும் எந்தளவு நம்பலாம்?

கன்று போட்ட கையோடு கருப்பை வெளியே வந்த பசு முக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே தள்ளத் தள்ள அது திரும்பவும் வெளியே வரும். அந்த முக்கலை நிறுத்தாமல் எவ்வளவு கைப்பழக்கம் இருந்தும் பயனில்லை. கிழக்கிலங்கையில் வாகரையிலோ படுவான்கரையிலோ பொத்துவில் பக்கத்திலோ ஒரு பட்டிக்கு மிருக வைத்தியர் வரும்போது, இந்த வேலைக்காகப் பையில் இருப்பது பெரும்பாலும் லிக்னோகெயின் 2% போத்தல்தான்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாட்டின் வாலடியில் போட இது மிக நல்ல மருந்து. விரைவாக வேலை செய்யும், தவறையும் ஓரளவு தாங்கும். அதே மருந்தை ஆட்டிலோ நாயிலோ இடுப்புப் பக்கமாகப் போடும்போது அந்தத் தாராளம் கிடையாது. கடையில் அதே பெயரோடு நிற்கும் மற்றப் போத்தல்கள் இன்னும் கவலைக்குரியவை.

2% என்றால் ஒரு மி.லீ.யில் 20 மி.கி. இந்தக் கணக்கை மறந்தால் எல்லாமே பிழைக்கும். வாலடி ஊசிக்கு மாட்டின் 100 கி.கி. உடல்நிறைக்கு 1 மி.லீ. போதும். 200 முதல் 250 கி.கி. நிறையுள்ள நாட்டுப் பசுவுக்கு 2 முதல் 2.5 மி.லீ., 350 கி.கி. ஜேர்சிக் கலப்புக்கு 3.5 மி.லீ., பெரிய எருமைக்கு 5 மி.லீ. புத்தகங்களில் 'பசுவுக்கு 5 மி.லீ.' என்று இருப்பது 450, 500 கி.கி. மாட்டை நினைத்து எழுதியது. அதை அப்படியே நம் நாட்டு மாட்டுக்குப் போட்டால் மருந்து முன்னோக்கி ஏறி, பின்னங்கால் தள்ளாடி, மாடு விழும். மாரி காலத்துச் சேற்றில் விழுந்த மாடு எழும்ப முயன்று தொடைத் தசையைக் கிழித்துக்கொள்வது, வந்த நோயைவிடப் பெரிய கேடு. கண்மதிப்பில் நிறை சொல்லாதீர்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி நாடா பிடியுங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க வாலைத் தண்ணீர்ப் பம்பு அடிப்பதுபோல் மேலும் கீழும் அசைக்க வேண்டும். இடுப்புக்கும் வாலுக்கும் இடையிலுள்ள திரிக எலும்புக்குப் பின்னால் நன்றாக அசையும் முதல் பள்ளம்தான் வழக்கமான இடம், பெரும்பாலும் முதலாம், இரண்டாம் வால் முள்ளெலும்புகளுக்கு நடுவே. மயிரை வழித்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். சாணி ஒட்டிய தோலினூடாக ஊசி போனால் சாணியும் சேர்ந்து உள்ளே போகும். 18 கேஜ், ஒன்றரை அங்குல ஊசியை நடுக்கோட்டில் குத்தி, அதன் வாயில் ஒரு சொட்டு மருந்தை வைத்து மெல்ல உள்ளே செலுத்தினால், சரியான இடம் வந்ததும் அந்தச் சொட்டு உறிஞ்சப்படும். மாடு படுத்திருந்தால் சொட்டு உறிஞ்சப்படாமலும் போகலாம். அப்போது சிரிஞ்ச் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்த்தே முடிவெடுக்க வேண்டும். முதலில் சிரிஞ்சைச் சற்றுப் பின்னிழுத்து, இரத்தம் வராததைப் பார்த்து, பிறகு மெல்லச் செலுத்துங்கள்.

வால் 5 முதல் 10 நிமிடத்தில் துவளும், சிலதில் 20 நிமிடம் ஆகும். மிகுதியாக நடக்கும் தவறு இந்த இடைவேளையில்தான். 'பிடிக்கவில்லை' என்று அவசரப்பட்டு இன்னொரு 5 மி.லீ. போட, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். உண்மையிலேயே பிடிக்காமல் போவதற்குக் காரணங்கள் வேறு: ஊசி முள்ளெலும்புகளுக்கிடையிலான வட்டில் குத்தி நிற்பது, நடுக்கோட்டை விட்டு விலகி ஒரு பக்கம் மட்டும் விறைப்பது, முன்பு பலமுறை ஊசி போட்ட இடத்தில் தழும்பு இறுகியிருப்பது. இன்னொன்றையும் பட்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும்: இந்த ஊசி வயிற்றால் முக்குவதைத்தான் நிறுத்தும், கருப்பை தானாகச் சுருங்குவதை நிறுத்தாது.

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணுக்கு இந்த மருந்து கேடு செய்யுமா என்பதற்கு ஆய்வுகள் நேரான பதில் தருகின்றன. 1885இல் நியூயோர்க் நரம்பு வைத்தியர் லெனார்ட் கோர்னிங் ஒரு நாயின் முதுகு முட்களுக்கிடையே கொக்கெயின் செலுத்தினார். அதன் பின்னங்கால்கள் தளர்ந்தன, பிறகு தேறியது. அன்றைக்குத் தெரிந்தது, விறைக்கும் என்பது. விறைப்பு விட்ட பின் நரம்பு பழையபடி இருக்கிறதா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது 1991இல். மெல்லிய குழாய் வழியாக முண்ணாண் உறைக்குள் 5% லிக்னோகெயின் பெற்ற சில மனித நோயாளிகளுக்கு முண்ணாணின் அடியிலிருந்து வால்போல் இறங்கும் நரம்புக் கற்றை பாதிக்கப்பட்டது. அந்தக் குழாய்களை 1992இல் அமெரிக்கா விலக்கியது. தொடர்ந்த எலி ஆய்வுகளில், உறைக்குள் போன 5% லிக்னோகெயின் நீங்காத உணர்விழப்பைத் தந்தது. கூடச் சேர்த்த 7.5% குளுக்கோசு அதைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அட்ரினலின் சேர்த்தபோது சேதம் கூடியது. 1994இல் உறை நீக்கிய தவளை நரம்பை 5% கரைசலில் வைத்துக் கழுவியபோதும் அது மீளவில்லை. ஆக, குற்றவாளி செறிவும், அது நரம்பின் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதும்.

ஆனால் ஓர் ஆய்வை மட்டும் பிடித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. குளோரோபுரோகெயின் என்ற இன்னொரு விறைப்பு மருந்தின் கதை அதற்குச் சாட்சி. 1980களில் முயல் ஆய்வுகள், கேடு மருந்தாலல்ல, அதில் கலந்த சோடியம் பைசல்பைட் என்ற பாதுகாப்புப் பொருளால் என்றன. 2004இல் எலி ஆய்வு அதைத் தலைகீழாக்கி, மருந்தே காரணம் என்றது. அத்துடன் இந்த ஆய்வுகள் பெரும்பாலும் உறைக்குள், நரம்பு வேரின் மேலேயே மருந்தை விடுபவை. மாட்டின் முண்ணாண் திரிகத்தின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது, உறையும் வாலடி வரை வருவதில்லை. வாலடியில் ஊசி தொடுவது கொழுப்பும் நரம்பு இழைகளும் உள்ள வெளி. 2% மருந்து மாட்டில் இவ்வளவு நல்லபடி நடந்துகொள்வதற்கு இந்த உடலமைப்புத்தான் பெரிய காரணம்.

ஆட்டில் அப்படியல்ல. இடுப்புக்கும் திரிகத்துக்கும் இடையில் குத்தினால் ஊசி உறைக்குள்ளேயே போய்விடலாம். பூனையிலும் அதே ஆபத்து. ஊசி வாயில் தெளிந்த நீர் கசிந்தால் நிறுத்துங்கள். ஊசியை எடுத்துவிடலாம், அல்லது அளவை அரைவாசிக்கும் கீழே குறைக்கலாம். முழு அளவை அங்கே விட்டால் விறைப்பு மார்பு வரை ஏறி, இரத்த அழுத்தமும் மூச்சும் விழும். ஆட்டுக்கு எல்லா இடத்துக்கும் சேர்த்து உடல்நிறையின் ஒரு கி.கி.க்கு 5 மி.கி.யைத் தாண்டாதீர்கள். 20 கி.கி. ஆட்டுக்கு அது 5 மி.லீ. 3 கி.கி. குட்டிக்கு முக்கால் மி.லீ. மட்டுமே. கொம்பு சுடக் குட்டிக்குத் தாராளமாகப் போட்டு வலிப்பு வருவது இந்தக் கணக்குப் பிழையால்தான். குட்டிக்கு மருந்தை உப்புநீரில் 1% அல்லது 0.5% ஆக்கிப் பாவிப்பது நல்லது.

இனி, கடையில் பக்கத்தில் நிற்பவை. அட்ரினலின் கலந்தது, பல்வைத்தியர் பாவிக்கும் 1:80,000 உட்பட, முள்ளந்தண்டுப் பக்கமே வேண்டாம். குளுக்கோசு கலந்த 5% லிக்னோகெயினான '5% ஹெவி' அம்பூலையும் தொடாதீர்கள். பியூபிவகெயின் 0.5% என்ற மற்றொரு விறைப்பு மருந்து வேறு குணம்: பிடிக்க 20 முதல் 30 நிமிடம், நிற்க 4 முதல் 6 மணித்தியாலம். நாயின் கால் எலும்புச் சத்திரசிகிச்சைக்கு அது நல்ல துணை, 4.5 கி.கி.க்கு 1 மி.லீ. என்ற அளவில், ஒரு கி.கி.க்கு 2 மி.கி.யைத் தாண்டாமல். நாளத்துக்குள் போனால் இதயத்தை நிறுத்திவிடும், மீட்பது கடினம். கொழுப்புக் கரைசல் கொடுத்து மீட்கலாம் என்று 1998இல் எலியிலும் 2003இல் நாயிலும் காட்டினார்கள், ஆனால் மேய்ச்சல் தரையில் அது கையில் இருக்காது. வெட்டையில் நிற்கும் மாட்டுக்கு ஆறு மணித்தியால விறைப்பு தேவையும் இல்லை. கூடுதல் நேரம் வேண்டுமென்றால் லிக்னோகெயினோடு சைலசீன் என்ற தூக்க மருந்தைச் சிறிதளவு சேர்ப்பதே மேல், மாடு சற்றுத் தூங்கி வழியும் என்பதை ஏற்றுக்கொண்டு.

பலமுறை எடுக்கும் பெரிய போத்தல்களில் மெதைல்பரபென் என்ற பாதுகாப்புப் பொருள் இருக்கும். மாட்டு வாலடிக்கு அது வழக்கத்தில் உள்ளதுதான். ஆட்டுக்கும் நாய்க்கும் இடுப்பில் போட, பாதுகாப்புப் பொருள் இல்லாத ஒற்றைப் பாவனை அம்பூலைக் கேட்டு வாங்குங்கள். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போத்தலை நாள் முழுக்க வைக்காதீர்கள். கலங்கியதையும், றப்பர் மூடி பலமுறை குத்துப்பட்டுப் பிய்ந்ததையும் எறிந்துவிடுங்கள். ஊசி போட்ட மாட்டை வால் மீண்டும் ஈ விரட்டத் தொடங்கும் வரை, வழுக்காத நிலத்தில், நிழலில் கட்டி வையுங்கள். படுத்தால் நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி வையுங்கள், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வயிறு ஊதும்.