மண்சரிவுக்குப் பிறகு: அரச நிவாரணமா, காப்புறுதியா?

2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் மண்சரிவில் புதைந்த பிறகும், மலையகத்தில் காப்புறுதி என்றால் வேனுக்கும் லொறிக்கும்தான். அரச நிவாரணத்துக்குக் கட்டணம் இல்லை. கிராம அலுவலர், பிரதேச செயலகம் என்று அலைய வேண்டும். கிடைப்பது அரசு வைத்த அளவு.

காப்புறுதியில் கேட்பது உரிமை. ஆனால் வெறும் தீக்காப்புறுதி போதாது, மண்சரிவு என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள். காப்புறுதித் தொகையைக் குறைத்துப் போட்டால் அடி நமக்குத்தான்: திரும்பக் கட்ட 60 இலட்சம் ஆகும் வீட்டை 30 இலட்சத்துக்குப் போட்டால், 10 இலட்சச் சேதத்துக்குச் சராசரி விதிப்படி (வீட்டின் பெறுமதியில் எத்தனை பங்குக்குப் போட்டோமோ, சேதத்திலும் அத்தனை பங்குதான்) 5 இலட்சமே வரும். கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; அப்புறம் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

சொந்த வீடென்றால் நான் காப்புறுதியைத்தான் சொல்வேன். லயன் அறையா? கட்டடம் தோட்டத்துடையது, டிவியும் அலுமாரியும்தான் நம்முடையவை.