வாரிய வீட்டில் மூன்று வருடம் ஓடிய பி.எல்.டி.சி. ஃபேன்

பி.எல்.டி.சி. ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் எலக்ட்ரானிக் மோட்டார் ஃபேன், விலை இறங்கியதிலிருந்து "பழசை மாத்திடலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். கரண்ட் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 75 வாட் பழைய ஃபேன் இரண்டு, தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். அரசு தரும் இலவச 100 யூனிட் அதிலேயே காலி. 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டுக்கு 43 யூனிட்தான். மிச்சத்தில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜையே ஓட்டிவிடலாம்.

உயிரை வாங்குவது சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டர். மாட்டும்போதே அதைக் கழற்றி, இரண்டு ஒயரையும் நேரடியாக இணைத்து டேப் சுற்ற வேண்டும். "ஃபுல்லில் வைத்தால் போதும்" என்பார் கடைக்காரர். போதும்தான், வீட்டில் யாரும் அதைத் திருகாதவரை! இரண்டாம் எண்ணுக்கு வந்தால் ஃபேன் உறுமும், நின்று நின்று சுற்றும், கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் பி.சி.பி. (மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு) போய்விடும். பழைய ஃபேனுக்கு 2.5 எம்.எஃப்.டி. கண்டென்சர் போட்டால் வேலை முடிந்தது. இதன் பி.சி.பி.க்கு அதைப்போலப் பல மடங்கு செலவாகும், அதுவும் அதே மாடலுக்கு உரியதாகக் கிடைக்க வேண்டும்.

பி.சி.பி.க்கு இன்னொரு எமன் நியூட்ரல் லூஸ், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயரின் இணைப்பு தளர்வது. பல வீடுகளுக்கு ஒரே மீட்டர் போர்டு இருக்கும் பழைய பிளாக்குகளில் இது சகஜம். நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். லைட் திடீரென்று பிரகாசமானால் உடனே மெயினை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். புது ஃபேன் மாட்டும் முன்பே நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் இடம்) திருகுகளை அவரை விட்டே முறுக்கச் சொல்லுங்கள்.

ரிமோட் தனித் தலைவலி. ஒரே ஹாலில் அதே கம்பெனி ஃபேன் இரண்டு இருந்தால் ஒரு பட்டனுக்கு இரண்டும் ஆடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு, பி.எல்.டி.சி.க்கென்றே செய்த சுவர் ரெகுலேட்டரோடு வரும் மாடல்தான் சரி.

வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். 1200 மி.மீ. ஃபேனில் காற்று நிமிடத்துக்கு 210 கன மீட்டருக்குக் குறைவாகப் போட்டிருந்தால் வேண்டாம். மேல் மாடிக்காரர்கள் முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கட்டும். சூடேறிய கூரைக்குக் கீழே எந்த ஃபேனும் அனலைத்தான் கீழே தள்ளும்.

படுக்கையறைக்கு இன்னொன்று? இப்போதைக்கு 75 வாட்டே சுற்றட்டும்.