கோடாக்ஸ் வி1 ஃப்ளாஷ்: வட்டத் தலையும் திரும்பும் கழுத்தும்

கேமராவின் மேல் பொருத்திய ஃப்ளாஷைக் கொண்டு அழகான முகப்படம் எடுக்க முடியாது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். நேராக முகத்தில் அடிக்கும் ஃப்ளாஷைப் பொறுத்தவரை அது உண்மையே. ஒளி லென்ஸின் திசையிலிருந்தே வருவதால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடுகின்றன. நெற்றியில் பளபளப்பு ஏறுகிறது. பின்சுவரில் கூர்மையான கறுப்பு நிழல் விழுகிறது. ஆனால் 2019இல் வெளிவந்த கோடாக்ஸ் வி1 போன்ற ஒரு ஃப்ளாஷின் தலையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அறிந்தவர், அறைக்குள் இந்தக் குறைகளை ஏறக்குறைய முழுமையாகவே தவிர்த்துவிடலாம்.

வி1 பற்றிப் பேசுவோர் முதலில் புகழ்வது அதன் வட்டமான தலையை. செவ்வகத் தலை கொண்ட ஃப்ளாஷ்களைவிட இது மென்மையான ஒளியைத் தரும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. எடுக்கப்படுபவர் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கையில் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தே ஒளியின் மென்மை அமைகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் விளக்கு வட்டமாக இருந்தாலும் சதுரமாக இருந்தாலும் இரண்டு மீட்டர் தொலைவில் ஒரு புள்ளிதான். வட்டத் தலையின் நன்மை வேறு: வெளிச்சம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சீராகக் குறைந்துகொண்டே போகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியில் அந்த வேறுபாடும் மறைந்துவிடும், ஏனென்றால் அப்போது முகத்துக்கு விளக்காக இருப்பது சுவர்தான்.

ஆகவே இந்த ஃப்ளாஷில் நான் பெரிதும் மதிப்பது அதன் கழுத்தை. தலை 330 பாகை வரை சுழல்கிறது. கீழ்நோக்கி 7 பாகையிலிருந்து மேல்நோக்கி 120 பாகை வரை சாய்கிறது. கேமராவைக் கிடையாகப் பிடித்தாலும் நெடுக்காகப் பிடித்தாலும் வேண்டிய சுவருக்கு ஒளியை அனுப்ப இது போதுமானது. கூரையை நோக்கி நேர் மேலே அடிப்பதே பெரும்பாலோரின் பழக்கம். அப்போது ஒளி உச்சியிலிருந்து இறங்குவதால் புருவத்தின் கீழ் கண்கள் இருண்டு குழிவிழுந்து தெரியும். அதைவிட, எடுப்பவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் உள்ள வெள்ளைச் சுவரை நோக்கித் தலையைத் திருப்புவது பல மடங்கு நல்லது. எடுக்கப்படுபவர் அதே சுவரின் பக்கம் சற்றே முகம் திருப்பி அமர்ந்தால், ஒரு கன்னம் முழு வெளிச்சத்தில் இருக்க, மூக்கின் மறுபுறத்தில் நிழல் மெல்லக் கரைந்து தாடையின் கோட்டை எடுத்துக்காட்டும். கருவிழியில் ஊசிமுனைப் புள்ளிக்குப் பதிலாகச் சன்னல் வெளிச்சம் போல அகன்ற ஒளித்துண்டு பதியும். ஃப்ளாஷ் தலையில் ஒரு கறுப்பு ஃபோம் துண்டை ரப்பர் பேண்டால் கட்டி, நேரே முகத்துக்குக் கசியும் ஒளியைத் தடுத்துவிட்டால் இந்த விளைவு இன்னும் துலங்கும். சுவர் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் அந்த நிறம் தோலிலும் படியும் என்பதால், அத்தகைய அறையில் தலையைப் பின்னோக்கிச் சாய்த்து, நமக்குப் பின்னால் உள்ள வெள்ளைக் கூரையைப் பயன்படுத்தலாம்.

சுவருக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒளியின் பெரும்பகுதி வீணாகிவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட வி1இன் 76 வாட்-நொடி திறன் வழக்கமான அறைகளில் போதுமானது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 800, லென்ஸ் துளை எஃப்/4, ஷட்டர் வேகம் 1/125 நொடி என்று தொடங்கி, அறையின் சொந்த வெளிச்சம் இன்னும் சற்று வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தை 1/60 நொடிக்குக் குறைத்தால் போதும். ஃப்ளாஷின் அளவு மாறாமல் பின்னணி மட்டும் தெளியும். 2600 எம்ஏஎச் லித்தியம் பேட்டரி முழுத் திறனில் சுமார் 480 முறை ஒளிரும் என்றும், அடுத்த ஒளிர்வுக்குச் சுமார் 1.5 நொடியில் தயாராகும் என்றும் நிறுவனம் குறிப்பிடுகிறது. முகப்படத்தில் இந்த வேகத்துக்குத் தனி மதிப்பு உண்டு, சிரிப்பு அடங்கி முகம் இயல்புக்குத் திரும்பும் அந்த ஒரு கணத்தில் ஃப்ளாஷ் தயாராக இல்லையென்றால் படம் போனதுதான். லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃப்ளாஷின் அளவைத் தானே முடிவுசெய்யும் டிடிஎல் முறை பெரும்பாலும் நம்பத்தக்கது. வெள்ளை உடை படச்சட்டத்தை நிறைக்கும்போது மட்டும் முகம் இருண்டுவிடக்கூடும், அங்கே ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இருமடங்காக, கூட்டிக்கொள்ள வேண்டும்.

குறைகளும் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண ஏஏ பேட்டரிகள் இதற்குப் பொருந்தா. தொலைதூர வேலைக்கு இதன் பேட்டரி இன்னொன்றைக் கையோடு வைத்திருப்பது அவசியம். காந்தத்தால் ஒட்டும் டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பும் மூடி), ஜெல் (ஒளிக்கு நிறம் தரும் தாள்) முதலியவற்றைத் தனியாக வாங்க வேண்டும். ஃப்ளாஷ் அடிக்கும் முன் தொடர்ந்து எரியும் 2 வாட் மாடலிங் விளக்கு, நிழல் எங்கே விழும் என்பதை முன்கூட்டிக் காட்டும் அளவுக்குப் பிரகாசமானதன்று.

திறந்தவெளியில் ஒளியைத் திருப்பியனுப்பச் சுவரே இல்லாததால் மேற்சொன்ன வழி பயன்படாது. அங்கே ஃப்ளாஷை நேராக வைத்து, திறனை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து, வெயிலால் கண்ணுக்குக் கீழே விழும் நிழலைத் தணிக்க மட்டும் பயன்படுத்துவதே முறை. வெளியில் மட்டுமே படம் எடுப்பவருக்கு இதைவிடச் சிறிய ஃப்ளாஷே போதும். வீட்டுக்குள்ளும் மண்டபங்களிலும் முகங்களை எடுப்பவருக்கு வி1ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜிஃபில்ம் கேமராக்களுக்கு இது தனித்தனி வகைகளாக வருவதால், தம் கேமராவுக்கு உரிய வகைதானா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்க வேண்டும்.